காலை வரை நிற்காத ஊதா

மார்ச் 4

ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

இத்துடன் பத்துப் பைகள். சென்ற வாரம் எங்கள் துறைமுகத்தில் இறங்கிய பத்துச் சுறாக்களின் தசை. தோல் நீக்கி, அரைத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஒரு பாதி உனக்கு, மறு பாதி எனக்கு. பெட்டியில் உள்ள பனிக்கட்டி மூன்று நாள் தாங்கும். அதற்குள் எடுத்து உறைபெட்டியில் வைத்துவிடு. வைக்காமல் விட்டுவிட்டுப் பிறகு மீனைக் குறை சொல்லாதே.

மீன்வளத் துறையின் சுற்றறிக்கை எனக்கும் வந்தது. ‘இரு ஆய்வகங்களும் பாதரசம் அளக்கும் முறைகளை ஒப்பிட்டு ஒரே அறிக்கை தரவும்.’ அடியில், முன்மொழிந்தவர் என்ற இடத்தில் நீ. இரண்டு வருடமாக என்னோடு பேசாத நாத்தனார் இப்படி ஊரைச் சுற்றி என் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாய். வாசல் வழியாகவே வந்திருக்கலாம்.

உன் அண்ணனிடம் காட்டினேன். “ரெண்டு பேரும் ஒரே மீனைத்தானே அளக்கப் போறீங்க, இதுல என்ன சண்டை” என்றார். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். அவருக்கு எந்தச் சண்டையும் முடிந்த பிறகுதான் புரியும்.

என் முறை உனக்குத் தெரியும். தெரியாதது போல அறிக்கையில் எழுதிவிடாதே. மீனை அமிலத்தில் கரைத்து, பெர்மாங்கனேட் சேர்த்து இரவு முழுக்க வைத்து, காலையில் டின் குளோரைடு ஊற்றினால் பாதரசம் ஆவியாகி மேலே வரும். அந்த ஆவி எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்க்கிறேன். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டிய சுறா சந்தைக்குப் போகாது. தாண்டாததற்குச் சான்றிதழ் தருகிறேன். இந்த ஊரில் தராசில் ஏறும் ஒவ்வொரு சுறாவின் பின்னாலும் என் கையெழுத்து இருக்கிறது.

கடிதமாக எழுதக் காரணம், அலுவலக மின்னஞ்சலை இயக்குநரும் படிக்கிறார்.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

பைகள் வந்தன. பனிக்கட்டி மிச்சம் இருந்தது. குறை இல்லை.

என் அறை ஆறாவது மாடி. ஜன்னல் திறக்காது. கருவி மேசையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அமிலம் இல்லை. இரவுக் காத்திருப்பு இல்லை. நகம் அளவு நிக்கல் படகில் ஒரு சிட்டிகை மீன். படகு உள்ளே போகும். மீன் எரியும். வரும் ஆவியைத் தங்கம் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு விடும். ஆறு நிமிடம். ஓர் எண்.

பத்துப் பைகளின் சராசரி 1.16. தனித்தனி எண்கள் இணைப்பில்.

உங்கள் எண்ணை நீங்கள் அனுப்பவில்லை. ஒன்றுக்குக் கீழே என்று நினைக்கிறேன். அந்த மீன்கள் சந்தைக்குப் போய்விட்டனவே. அண்ணன் போன ஞாயிறும் வாங்கினானாம்.

வாசல் வழியாக வந்தேன், அண்ணி. இரண்டு வருடம் முன்பு, உங்கள் சமையலறை வாசல் வழியாக. ஒரே ஒரு கேள்வி. “நான் இங்க இருந்தப்போ சாப்பிட்ட மீன்ல எவ்வளவு இருந்துச்சு?” நீங்கள் கோப்பை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் போட்டீர்கள். “எல்லாச் சான்றிதழும் இருக்கு. எண்ணிக்கோ.” தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. யாரும் துடைக்கவில்லை. அன்று பேருந்தில் என் புடவை நுனி ஈரமாக இருந்தது நினைவிருக்கிறது.

என் கணவர் கப்பலில் இருந்த ஆறு மாதம் உங்கள் வீட்டில் இருந்தேன். வயிற்றில் மகன். எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்தது. நீங்கள் சமைத்த சுறா மட்டும் தங்கியது. நன்றாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு நான்கு வயது. இதுவரை ஒரு சொல் இல்லை.

உங்கள் எண்ணை அனுப்புங்கள்.


மார்ச் 21

என் சராசரி 0.71.

உன் பட்டியலைப் பார்த்தேன். ஏழாவது பை. முழங்கை நீளம்கூட இல்லாத குட்டி. எனக்கு 0.09. உனக்கு 0.34. அதற்கு முன்னால் நீ எரித்தது ஆறாவது பை, பத்திலேயே பெரிய மீன், உன் கணக்கில் 2.40. பெரியதன் மிச்சம் உன் அடுப்பிலேயே தங்கி, குட்டியின் தலையில் ஏறியிருக்கிறது. நடுவில் வெறும் படகை எத்தனை தடவை எரித்தாய்? ஒரு தடவையா, அதுவும் இல்லையா? ஆறு நிமிடத்தில் எண் சொல்லும் கருவிக்கு மறப்பதற்கு மட்டும் நேரம் கொடுக்கவில்லை. உன்னைப் போலவே அதற்கும் பழசு உள்ளே கிடந்து புகைகிறது.

இனி வேதியியல் அல்லாதது.

நீ எண்ணைத் தேடவில்லை. எண் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பொருத்தமாக ஒரு மீனைத் தேடுகிறாய். உன் மகன் பேசாததற்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஒரு முகவரி வேண்டும். என் முகவரி உனக்கு மனப்பாடம்.

உன் 1.16 அறிக்கையில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? நான் பதினோரு வருடம் கொடுத்த அத்தனை சான்றிதழும் பொய்யாகும். நான் பாட்டுப் பாடுகிறவள் இல்லை, படம் வரைகிறவள் இல்லை. கையெழுத்துப் போடுகிறவள். அதுவும் பொய் என்றால் என்னிடம் காட்ட வேறொன்றும் இல்லை.

ஏழாவது பையைத் திரும்ப அள. பிறகு பேசலாம்.

அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

ஏழாவது பையில் நீங்கள் சொன்னது சரி. பெரிய மீனுக்குப் பிறகு வெறும் படகை ஒரு தடவைதான் எரித்திருந்தேன். இம்முறை ஐந்து தடவை எரித்தேன். 0.13. பத்தின் சராசரி 1.14 ஆகிறது. சந்தோஷமா.

முகவரி பற்றி எழுதியது. அந்தக் கடிதம் இரண்டு நாள் இழுப்பறையில் இருந்தது. எடுத்தேன். வைத்தேன். பொய் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

ஆமாம். தேடுகிறேன்.

காது மருத்துவர் காது சரி என்றார். நரம்பு மருத்துவர் “பொறுத்துப் பாக்கலாம்” என்றார். “எவ்வளவு நாள்?” “அதை உங்க பையன்கிட்டதான் கேக்கணும்.” சிரித்தார். மகன் அவருடைய பேனாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் மட்டும் அறையில்.

என் கணவர் தொலைபேசியில் கேட்கிறார்: “அது மீனாவே இருக்கட்டும். தெரிஞ்சு என்ன பண்ணப் போற?” தெரியவில்லை. தெரியாமல் இருப்பதை என்னால் செய்ய முடியவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் தேடுகிறவள் கண்டெடுப்பதெல்லாம் பொய்யாகிவிடாது, அண்ணி. 0.71, 1.14. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது.

மீன் தூள் ஒரு புட்டி அனுப்புகிறேன். எவ்வளவு பாதரசம் என்று முன்பே சான்றளித்த தூள். லேபிளைக் கிழித்துவிட்டேன். நீங்கள் அளந்து சொல்லுங்கள், நானும் அளக்கிறேன். உங்கள் பிளாங்க் எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். மீனே போடாமல் ஓட்டும் சோதனையில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.


ஏப்ரல் 9

பரீட்சை வைத்த அம்மையாருக்கு,

3.95.

அளந்த பிறகு புட்டியின் அடியைப் பார்த்தேன். தொகுதி எண் அப்படியே இருக்கிறது. அதை வைத்துத் தேடினால் சான்றளித்த அளவு 4.02. இரண்டு சதவீதத்துக்குள். கிழிப்பதைக்கூட ஒழுங்காகக் கிழிக்கத் தெரியாத பல்கலைக்கழகம்.

பிளாங்க் என்றால் என்ன என்று எனக்கு விளக்கம் வேறு. இணைப்பில் மூன்று வருட எண்கள். எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி. நான் இங்கே சேர்ந்தபோது அப்படி இல்லை. மீனே போடாமல் எண் ஏறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள், கண்ணாடிக் குழாயைச் சந்தேகப்பட்டார்கள், என்னையும் சந்தேகப்பட்டார்கள். கண்டுபிடித்தது நான். பெர்மாங்கனேட் பொடியிலேயே துளி பாதரசம் இருந்தது. அதன் அளவைப் பாதியாக்கினேன். பிளாங்க் ஒரே வாரத்தில் இறங்கியது. அப்போதைய தலைமை ஆய்வாளர் யாரையும் பாராட்டாத ஆள். என் மேசைக்கு வந்து, “இனிமே நீங்க போடற எண்ணை நான் திரும்பிப் பாக்க மாட்டேன்” என்றார். பார்க்கவும் இல்லை.

தூளில் என் எண் சரி. பிளாங்க் சரி. இனி என்ன கேட்கப் போகிறாய், என் ஜாதகத்தையா?

அறிக்கையில் 0.71 என்றே எழுது. உன் எண்ணை அடிக்குறிப்பில் போட்டுக்கொள். பெரிய மனது வைத்து அனுமதிக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

தூளில் எனக்கு 4.06. நாம் இருவரும் சரி. தூளில் மட்டும்.

மூன்று கேள்விகள். தூளை எவ்வளவு எடை எடுத்தீர்கள்? விலை அதிகம், எல்லோரையும் போலப் பத்தில் ஒரு கிராம்தான் எடுத்திருப்பீர்கள். மீன் எவ்வளவு? உங்கள் முறைப்படி இரண்டு கிராம். மீனின் தண்ணீரைக் கழித்தாலும் தூளைவிட ஐந்து மடங்கு.

பெர்மாங்கனேட் மட்டும் இரண்டுக்கும் ஒரே அளவு. அதுவும் நீங்கள் பாதியாக்கிய அளவு.

மீனின் தசை பெர்மாங்கனேட்டைத் தின்னும். தின்று தீர்த்தால் அதன் ஊதா நிறம் போய்விடும். நிறம் போனால் உடைக்க ஆள் இல்லை. மீனில் பாதரசம் தசையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. உடைத்துப் பிரிக்காவிட்டால் டின் குளோரைடு அதைத் தொடாது. ஆவியாகாது. கருவிக்குத் தெரியாது. கரைசலோடு கழிவுத் தொட்டிக்குப் போகும்.

மூன்றாவது கேள்வி. காலையில் குழாய்களில் ஊதா நிற்கிறதா?


ஏப்ரல் 18

நான் வருவதற்குள் உதவியாளர் நிறத்தை நீக்கி வைத்திருப்பார். மிச்ச ஊதாவை நீக்கிவிட்டுத்தான் டின் குளோரைடு ஊற்ற வேண்டும் என்பது முறையிலேயே இருக்கிறது. நீ கேட்பது துவைத்துக் காயப்போட்ட துணியைப் பார்த்து அழுக்கு எங்கே என்று கேட்பது போல.

உன் அண்ணனைத் தூது அனுப்பாதே. நேற்று சாப்பிடும்போது, மகள் பக்கத்தில் இருக்கும்போது, “ஊதா நிக்கலைன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டார். ஒருவர் தட்டில் கை வைத்திருக்கும்போது கேட்கிற கேள்வி அல்ல அது. நான் எழுந்துவிட்டேன்.

பதினோரு வருடம். நீ ஊதா பார்க்கச் சொல்கிறாய்.


ஏப்ரல் 25

துணியில் அழுக்கு எங்கே என்று கேட்கவில்லை, அண்ணி. துணி துவைக்கப்பட்டதா என்று கேட்கிறேன்.

நீங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தில் அதுதான் இருக்கிறது.

மே பதினைந்துக்குள் உங்கள் பதில் வராவிட்டால் என் எண்ணை மட்டும் வைத்து அறிக்கையை அனுப்புவேன். ‘எதிர்த்தரப்பு ஆய்வகம் சரிபார்க்க மறுத்தது’ என்று எழுதுவேன். அந்த வரியை எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பது எனக்குப் பிடிக்கவில்லை.


மே 6

நாத்தனாருக்கு,

உன் மிரட்டலுக்காக இதை எழுதவில்லை. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே பார்த்துவிட்டேன். உனக்குச் சொல்ல இத்தனை நாள் ஆனது.

உதவியாளர் ஐம்பது வயதுக்காரர். எனக்கு முன்பே வந்து, எல்லாம் எடுத்து வைத்து, பத்து மணிக்கெல்லாம் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அன்று நான் ஏழு மணிக்குப் போனேன். கையில் நிறம் நீக்கும் மருந்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“இருங்க. ஊத்தாதீங்க.”

இருபது குழாய். பிளாங்க் இரண்டிலும் கத்திரிப்பூ நிறம். தூள் இருந்த குழாயில் வெளிர் ஊதா. மற்ற பதினேழிலும் மீன். பதினேழும் தண்ணீர் போல இருந்தன.

“எப்பவும் இப்படித்தானா?”

“மீன் போட்டதுல இப்படித்தான் மேடம்.”

“எத்தனை நாளா?”

“நான் சேர்ந்ததுல இருந்து.”

“நிறமே இல்லாததுக்கு எதுக்கு மருந்து ஊத்தறீங்க?”

“ஊத்தணும்னு சுவத்துல ஒட்டியிருக்கே. நீங்க எழுதினதுதான்.”

“ஒரு நாள் சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேக்கலையே மேடம். பிளாங்க் எவ்வளவுன்னுதான் தினமும் கேப்பீங்க.”

அவர் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

பெர்மாங்கனேட்டைப் பழைய அளவுக்கு ஏற்றி, மீனைப் பாதியாகக் குறைத்து, உன் பத்துப் பைகளின் மறுபாதியைத் திரும்ப ஓட்டினேன். காலையில் ஊதா நின்றது. பிளாங்க் ஏறியது. ஏறட்டும், கழித்துக்கொண்டேன். சராசரி 1.11.

இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதைக் கொஞ்சம் மென்மையா எழுதலாமே” என்றார். “எந்த எண்ணை மென்மையா எழுதறது சார்?” என்றேன். சுறா விற்பனை திங்கள் முதல் நிறுத்தம். பழைய சான்றிதழ்களை விசாரிக்க ஒரு குழு. குழு என்னை எப்போது கூப்பிடும் என்று தெரியாது. அதுவரை நான் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொன்று. நீ சமையலறையில் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வாரமும் சந்தைக்குப் போன மீனில் ஒரு துண்டு, கண்ணாடிப் புட்டியில், எடை எழுதி, உறைபெட்டியில் வைக்கிறோம். மூன்று வருடம் கழித்துத் தூக்கிப் போட வேண்டும் என்பது விதி. நான் போடவில்லை. ஏன் என்று கேட்காதே. உன் ஆறாவது மாதத்தில், நீ இரண்டு வேளையும் அதையே கேட்டுச் சாப்பிட்ட வாரத்துப் புட்டி இருக்கிறது. நான் மீன் வாங்கியது அந்த வாரத்து மீனில்தான்.

பாதியை அனுப்புகிறேன். நானும் அளந்திருக்கிறேன். என் எண்ணை எழுத மாட்டேன். நீ முதலில் சொல்.

அண்ணி


மே 14

அண்ணிக்கு,

வெறும் படகை எட்டுத் தடவை எரித்தேன். பிறகு மூன்று தடவை அளந்தேன். இத்தனை வருடம் உறைபெட்டியில் வற்றிப்போன தண்ணீருக்காக, புட்டியில் எழுதிய எடையை வைத்து எண்ணைத் திருத்தினேன்.

1.31.

என்னை நானே கவனித்துக்கொண்டிருந்தேன். சத்தம் போடுவேன் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் அழுவேன் என்று. கையுறையைக் கழற்றினேன். மாடிப்படியில் இறங்கினேன். மின்தூக்கி இருப்பது மறந்துவிட்டது.

வீட்டில் மகன் தரையில் படுத்து, ஒரு மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். எண்ணை அவனிடம் சொன்னேன். மூடி நிற்கும் வரை பார்த்துவிட்டு, திரும்பச் சுழற்றினான்.

நரம்பு மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “இது காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா.” அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்.

இரண்டு வருடமாக எனக்கு வேண்டியிருந்த எண் இது. ஒன்றுக்கு மேலே. உங்கள் வீட்டில். உங்கள் கையால். இனி உங்களைத் திட்டலாம். அந்தப் பேருந்திலிருந்து திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது ஆதாரத்தோடு திட்டலாம்.

அண்ணன் தொலைபேசியில் “நீ ஜெயிச்சுட்ட” என்றான். வைத்துவிட்டேன்.

உங்களை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று யாரும் எழுதாதீர்கள். உங்கள் எண் என்ன?


மே 20

நாத்தனாருக்கு,

1.29.

நாம் இருவரும் ஒத்துப்போன முதல் மீன்.

மன்னிப்பு நான் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுக்க மாட்டேன் என்று நீ சொல்லத் தேவையில்லை. நான் செய்தது தவறு. பிளாங்க் அழகாக இருக்க வேண்டும் என்று மீனைப் பார்க்காமல் விட்டேன். குழுவின் முன்னால் இந்த வாக்கியத்தையே சொல்லப் போகிறேன். உன்னிடம் தனியாகச் சொல்ல வேறு வாக்கியம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மார்ச்சிலிருந்து நீ எழுதிய அத்தனை கடிதங்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். அந்தச் சட்டியிலிருந்து உனக்குப் பரிமாறினேன். உன் அண்ணனுக்குப் பரிமாறினேன். நானும் சாப்பிட்டேன். உன் பக்கத்தில் நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறி நின்றுகொண்டு, உன் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்ட மூன்று வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். முள் இருக்கிறதா என்று விரலால் பார்த்துவிட்டு ஊட்டினது நீ. அவளுக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் வரை வாரம் இரண்டு நாள் அதைத்தான் சாப்பிட்டாள். பேசுகிறாள், நிறையப் பேசுகிறாள். அதனால் உனக்கு அவள் கணக்கில் வரவில்லை. ஒரு கடிதத்தில்கூட ஒரு வரி இல்லை. சான்றிதழைப் பார்த்துச் சமைத்தது உனக்காக மட்டும் என்றா நினைத்தாய்?

போன வாரம் பள்ளியிலிருந்து, எழுத்து கோணலாகப் போகிறது என்று எழுதி அனுப்பினார்கள். ஒன்றும் இருக்காது. ஒன்றும் இருக்காது என்று சொல்வதற்கு இப்போது எனக்கு அருகதை இல்லை.

மூன்று வயதில் மொட்டை போட்ட பிறகு அவள் தலைமுடியை நாங்கள் வெட்டியதில்லை. ஐம்பத்தாறு சென்டிமீட்டர் இருக்கிறது. மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். சாப்பிட்ட பாதரசம் அந்தந்த மாதத்து முடியில் ஏறி நிற்கும். வேர்ப் பக்கம் இந்த வருடம். நுனியில் நீ எங்கள் வீட்டில் இருந்த மாதங்கள்.

பென்சில் கனத்துக்கு ஒரு கொத்து, தலையை ஒட்டி வெட்டி அனுப்புகிறேன். “எதுக்கும்மா?” என்றாள். “அத்தை பாக்கணுமாம்” என்றேன். அத்தை என்றால் யார் என்று ஒரு நிமிடம் யோசித்தாள். வேர்ப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டராக நறுக்கி அள. ஐம்பத்தாறு படகு.

என் கருவியில் நான் அளக்கவில்லை. என் எண்ணை நானே நம்பி அவளுக்கு ஊட்டியிருக்கிறேன். இன்னொரு தடவை அப்படிச் செய்ய மாட்டேன்.

உன்னைப் போல எனக்கு விரோதமாக அளக்க எனக்கு வேறு ஆள் இல்லை. அப்படியே அள.

அண்ணி